முதுகுப்பையோடு போகிறவர் பெருநகரத்தில் ஏன் தங்க வேண்டும்?

முதல் தடவையாக முதுகில் பையை மாட்டிக்கொண்டு வெளிநாடு கிளம்பப் போகிறீர்கள். ஆசியாவில் நாலைந்து நாடு பார்க்க ஆசை. பெரிய நகரங்களில் ஒரு ராத்திரிக்கு மேல் தங்காதே, காசு கரைந்துவிடும், ஏமாற்றுவார்கள், எல்லா ஊரும் ஒரே மாதிரி மாலும் மெட்ரோவும்தான், நேராகத் தீவுக்கோ மலைக்கோ போய்விடு என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். அது சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் வருடக் கணக்காக இப்படிச் சுற்றுகிற ஆள். என் அனுபவம் இதற்கு நேர் எதிர். கையில் காசு குறைவாக இருப்பவருக்குப் பெருநகரத்தைப் போலத் தோதான இடம் கிடையாது.

ஏன் என்று சொல்கிறேன். சுற்றுலாவை மட்டுமே நம்பியிருக்கும் ஒரு தீவில் படகு, சாப்பாடு, படுக்கை எல்லாமே வெளியூர்க்காரருக்காக ஏற்பட்டவை. அங்கே இருப்பது ஒரே விலை, அது உங்களைப் பார்த்து வைத்த விலை. ஒரு கோடிப் பேர் வாழும் ஊரில் கதை வேறு. காவலாளி, கடைப் பணிப்பெண், மூட்டை தூக்குபவர், கல்லூரி மாணவர் என்று லட்சக்கணக்கான பேர் அங்கே தினமும் சாப்பிட வேண்டும், வேலைக்குப் போக வேண்டும், குளிக்க வேண்டும், சாயங்காலம் எங்காவது உட்கார வேண்டும். அவர்கள் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகிற படகு, பஸ், சாப்பாட்டுக் கடை, குளியல் கூடம், பூங்கா எல்லாம் அந்த ஊரில் இருந்தே தீரும். அந்த வரிசையில் போய் நீங்களும் நின்றால் போதும். பெருநகரத்தில் செலவைக் குறைக்கும் வழியும், அந்த ஊரை உண்மையாகப் பார்க்கும் வழியும் ஒன்றேதான்.

பாங்காக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். பேக்பேக்கர் என்றாலே எல்லோரும் போய் இறங்குவது பாங்லாம்ஃபூ பகுதியில் உள்ள காவ் சான் ரோடு. 1980-களில் சின்னச் சின்ன விருந்தினர் இல்லங்களாகத் தொடங்கி, இன்று ராத்திரி இரண்டு மணி வரை பாட்டுச் சத்தம் ஓயாத தெருவாகிவிட்டது. ஒரு சாயங்காலம் நடந்து பார்க்கலாம், தூங்குவதற்கு அது இடமில்லை. அதிலிருந்து நடக்கும் தூரத்தில் ஆற்றை ஒட்டிய ஃப்ரா ஆதித் தெருவும், சாம்சென் பக்கத்துச் சந்துகளும் இருக்கின்றன. வாடகை ஏறக்குறைய அதேதான், ராத்திரி அமைதியாக இருக்கும், காலையில் எதிர்வீட்டு அம்மா கஞ்சி விற்பார்.

அந்தப் பகுதியில் மெட்ரோ நிலையம் பக்கத்தில் இல்லையே என்று பலர் டாக்ஸி பிடிக்கிறார்கள், டாக்ஸி நெரிசலில் மாட்டிக்கொள்கிறது. பொற்குன்றக் கோவிலான வாட் சாகேத் அருகே ஃபான்ஃபா என்றொரு படகுத்துறை இருக்கிறது, திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். அங்கிருந்து சேன் சேப் கால்வாயில் கிழக்கே போகும் படகு, ஆபீஸ் போகிறவர்களுக்கான படகு. கட்டணம் 20 பாட்டை ஒட்டி இருக்கும், அதாவது ஐம்பது அறுபது ரூபாய். படகு துறையில் முழுதாக நிற்காது. ஒட்டி வந்து கயிறு போட்ட சில விநாடிகளில் ஏறுபவர் ஏறி, இறங்குபவர் இறங்கிவிட வேண்டும். குதிகால் செருப்பு போட்ட பெண்கள் கையில் காபியோடு அநாயாசமாகத் தாவி ஏறுவார்கள். கண்டக்டர் தலையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு படகின் வெளி விளிம்பிலேயே நடந்து வந்து டிக்கெட் கொடுப்பார். எதிரே இன்னொரு படகு வந்தால் கால்வாய்த் தண்ணீர் தெறிக்கும். அது கறுத்த, நாற்றமடிக்கும் தண்ணீர். உடனே ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒரு கயிற்றை இழுப்பார், பிளாஸ்டிக் திரை மேலே ஏறிவிடும். அந்த இடத்தில் நீங்கள் உட்கார்ந்தால் அந்த வேலை உங்களுடையது. பின்னால் இருப்பவர்கள் நனையாமல் போவது உங்கள் கையில்தான் இருக்கிறது. தாழ்வான பாலம் வந்தால் படகின் கூரையே கீழே இறங்கும். பிரதூனாம் துறையில் எல்லோரும் இறங்கி வேறு படகுக்கு மாறுவார்கள், நீங்களும் பின்னாலேயே போகலாம். இரு பக்கமும் வீடுகளின் பின்வாசல், துணிக்கொடி, பூந்தொட்டி, மசூதி, அவற்றுக்கு மேலே கண்ணாடிக் கோபுரங்கள். இந்த அரை மணி நேரத்தில் பாங்காக்கைப் பற்றித் தெரிந்துகொள்வதை எந்தச் சுற்றுலாப் பேருந்திலும் தெரிந்துகொள்ள முடியாது.

காலை எட்டு மணிக்கோ சாயங்காலம் ஆறு மணிக்கோ ரயில் நிலையத்திலோ பூங்காவிலோ இருந்தால், ஒலிபெருக்கியில் தாய்லாந்து தேசிய கீதம் வரும். ஓடிக்கொண்டிருந்தவர், படியேறிக்கொண்டிருந்தவர் எல்லோரும் நின்றுவிடுவார்கள். நீங்களும் நில்லுங்கள். சொல்லித் தர யாரும் இருக்க மாட்டார்கள், சுற்றிப் பார்த்துச் செய்வதுதான்.

இந்த ஊரில் தமிழர் போய்ப் பார்க்க வேண்டிய இரண்டு இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, சிலோம் ரோட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோவில். இன்று அங்கே வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலானோர் தாய்லாந்துக்காரர்கள். இன்னொன்று, மாபெரும் சிவப்பு ஊஞ்சல் சட்டத்தின் அருகே, அரச குடும்பத்துச் சடங்குகளைச் செய்யும் பிராமணர்களின் கோவிலான தேவசதான். ஊஞ்சலில் ஆட்கள் ஆடும் சடங்கு 1935-க்குப் பிறகு நின்றுபோனது. ஆனால் மார்கழி, தை ஒட்டி நடக்கும் வழிபாட்டில் திருவெம்பாவைப் பாடல்களை, நமக்குச் சட்டென்று பிடிபடாத உச்சரிப்பில், இன்றும் ஓதுகிறார்கள். அந்த மாதங்களில் போனால் விசாரித்துப் பாருங்கள்.

சரி, ஹாங்காங். "அங்கேயா? காசுக்குக் கேடு" என்பார்கள். படுக்கைக்கு மட்டும்தான் விலை அதிகம். நாதன் ரோட்டில் சுங்கிங் மேன்ஷன்ஸ் என்று 1961-ல் கட்டிய 17 மாடிக் கட்டடம் இருக்கிறது. ஏ முதல் இ வரை ஐந்து பிளாக்குகள், உள்ளே எண்ணற்ற சின்னச் சின்ன விருந்தினர் இல்லங்கள். அறை என்றால் கட்டில் போக ஒரு ஆள் நிற்கும் இடம். குளியலறையில் ஷவர் நேராகக் கழிப்பிடத்துக்கு மேலேயே இருக்கும், குளித்தால் எல்லாமே நனையும். ஜன்னல் இருந்தால் அது கட்டடத்துக்குள்ளே காற்றுக்காக விட்ட குறுகிய இடைவெளியைப் பார்த்திருக்கும். ஒவ்வொரு பிளாக்குக்கும் சின்ன லிஃப்ட்டுகள், காலையிலும் ராத்திரியும் நீண்ட வரிசை.

இத்தனை இருந்தும் அங்கே தங்கச் சொல்வேன், குறைந்தது ஒருமுறையாவது. அந்த லிஃப்ட் வரிசையில் உங்களுக்கு முன்னால் செல்போன் பெட்டிகளோடு ஒரு நைஜீரிய வியாபாரி நிற்பார், பின்னால் கீழ்த்தளத்துச் சமோசா கடைக்காரர் நிற்பார், பக்கத்தில் ஒரு பாகிஸ்தானி முதியவர் நீங்கள் எந்த ஊர் என்று உருதுவில் விசாரிப்பார். ஒரு ஊரின் பணம் எந்த வழியில் உலகத்தோடு ஓடுகிறது என்பது அந்தக் கீழ்த்தளத்தில் அரை மணி நின்றாலே புரியும். அங்கே பணம் மாற்றும் கடைகளும் நிறைய. தெருவைப் பார்த்த கடைகளில் விகிதம் மோசமாக இருக்கும். உள்ளே போகப் போக நல்ல விகிதம் கிடைக்கும். நாலு கடையில் கேட்டுவிட்டு மாற்றுங்கள். நான் தங்கிய ஓர் இல்லத்தில் இணையத்தில் காட்டிய அறையைக் கொடுக்காமல் வேறு மாடியில் ஒரு பொந்தைக் காட்டினார்கள். அறையைக் கண்ணால் பார்க்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள், இது எந்த ஊருக்கும் பொருந்தும்.

படுக்கை போக மற்றதெல்லாம் அந்த ஊரில் மலிவு. 1888-லிருந்து ஓடும் ஸ்டார் ஃபெர்ரி துறைமுகத்தைக் கடக்கிறது, 1904-லிருந்து ஓடும் டிராம், இன்று மாடி டிராம், தீவின் வடகரை நெடுகப் போகிறது. டிராமுக்கு எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், ஒரு டீ விலைகூட வராது. மேல்மாடியில் முன் வரிசையில் உட்கார்ந்துவிட்டால் மீன் கடை, மூலிகைக் கடை, வங்கி, துணி காயும் பால்கனி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் நகரும். சென்ட்ரல் என்னும் வங்கிப் பகுதியிலிருந்து மலைச்சரிவில் ஏறும் 800 மீட்டர் நீள நகரும் படிக்கட்டு ஒன்று 1993-ல் வந்தது. காலை பத்து மணி வரை கீழ்நோக்கி ஓடும், மேலே குடியிருப்பவர்கள் வேலைக்கு இறங்க வேண்டுமே! அதற்குப் பிறகு நள்ளிரவு வரை மேல்நோக்கி. அதில் ஏறி இறங்கக் காசே கிடையாது.

ஹாங்காங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கும்படி திட்டம் போடுங்கள். சென்ட்ரல் பகுதியில், உலகத்தின் பெரிய வங்கிகள் நிற்கும் அதே தெருக்களில், அட்டைப் பெட்டிகளை விரித்து ஆயிரக்கணக்கான பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலும் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த வீட்டுப் பணிப்பெண்கள். இந்தோனேசியப் பெண்கள் விக்டோரியா பூங்காவில் கூடுவார்கள். அந்த ஊரில் வீட்டு வேலை செய்யும் வெளிநாட்டவர் மூன்று லட்சத்துக்கும் மேல். வேலை செய்யும் வீட்டிலேயே தங்க வேண்டும் என்பது சட்டம். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அந்த ஒரு நாளில் போய் உட்கார அவர்களுக்கென்று ஓர் அறை கிடையாது, அதனால்தான் தெரு. டப்பாவில் சோறு, நகப்பூச்சு, சீட்டாட்டம், ஊருக்கு அனுப்பப் பெரிய அட்டைப் பெட்டியில் அடுக்கும் சோப்பும் பிஸ்கட்டும், வீடியோ அழைப்பில் பிள்ளையோடு பேச்சு. வேடிக்கை பார்க்கிறவராகப் போய் முகத்துக்கு நேரே படம் எடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசினால் பேசுவார்கள். நான் பேசியவர்களில் ஒருவர் தன் ஊரில் ஆசிரியையாக இருந்தவர். மகளின் நர்சிங் படிப்புக்காக இங்கே வந்து வேறொருவரின் குழந்தைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்கிறார். வளைகுடாவுக்கு ஆட்களை அனுப்பிய நம் ஊர்க் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்த மலையும் எந்தக் கடற்கரையும் எனக்கு இதைக் காட்டியிருக்காது.

(இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஹாங்காங் போவதற்கு முன் இணையத்தில் முன்பதிவு அனுமதி வாங்க வேண்டும், 2017-லிருந்து இந்த விதி இருக்கிறது. டிக்கெட் போடுவதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள். மற்ற நாடுகளின் விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, அந்தந்தத் தூதரகத்தின் தளத்தில் பார்ப்பதே சரி.)

டோக்கியோவின் பெயரைக் கேட்டதும் பட்ஜெட்டுக்கு மேல் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். மினாமி சென்ஜு நிலையத்துக்குப் பக்கத்தில் சான்யா என்றொரு பகுதி உண்டு. 1960-களில் 1964 ஒலிம்பிக் உட்பட அந்த நகரத்தின் கட்டுமான வேலைகளுக்கு வந்த தினக்கூலித் தொழிலாளர்கள் தங்கிய இடம். சான்யா என்ற பெயரையே அரசு 1966-ல் அதிகாரபூர்வ முகவரிகளிலிருந்து எடுத்துவிட்டது. தொழிலாளர்களுக்கு வயதாகி, வேலையும் குறைந்த பிறகு, அவர்களுக்காகக் கட்டிய மூன்று பாய் அளவு அறைகளில் பேக்பேக்கர்கள் தங்க ஆரம்பித்தார்கள். மூன்று பாய் என்றால் சுமார் ஐந்து சதுர மீட்டர். மெத்தையைக் காலையில் சுருட்டி வைத்துவிட்டால் உட்கார இடம் இருக்கும். அறை சுத்தமாக இருக்கும், குளியல் பொதுவில். தெருவில் இன்னமும் அந்தப் பழைய தொழிலாளர்கள், வயதானவர்கள், கையில் பானத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். யாரும் தொந்தரவு செய்வதில்லை. அவர்கள் கட்டிய ஊரில்தான் நாம் சுற்றுகிறோம் என்ற நினைப்போடு கொஞ்சம் மரியாதையாக நடந்து போகலாம்.

டோக்கியோவில் களைப்புத் தீர நான் போவது சென்டோ என்னும் பொதுக் குளியல் கூடம். 550 யென் அளவில் கட்டணம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி. துணி எதுவும் இல்லாமல்தான் உள்ளே போக வேண்டும், நமக்கு முதலில் கூச்சமாக இருக்கும், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்ததும் போய்விடும். சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்பு போட்டு நன்றாகத் தேய்த்துக் குளித்து, சோப்பு நுரை கொஞ்சமும் இல்லாமல் கழுவிய பிறகுதான் வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். கைத்துண்டைத் தண்ணீருக்குள் விடக் கூடாது. அருகில் இருந்த ஒரு தாத்தா, தன் துண்டை நாலாக மடித்துத் தலையில் வைத்துக்காட்டி என்னையும் அப்படி வைக்கச் சொன்னார். நாள் முழுக்க ஷின்ஜுகு போன்ற நிலையங்களில் ஏறி இறங்கிய கால்களுக்கு அந்தத் தண்ணீரைவிட நல்ல மருந்து இல்லை. ஷின்ஜுகு நிலையத்துக்கு 200-க்கும் மேற்பட்ட வாசல்கள். எந்த எண் வாசல் என்று முன்பே பார்த்து வைக்காமல் இறங்கினால் அரை மணி நேரம் அங்கேயே போய்விடும். அதே ஷின்ஜுகுவில் டோக்கியோ பெருநகர அரசுக் கட்டடத்தின் 45-வது மாடிக்கு, 202 மீட்டர் உயரத்துக்கு, இலவசமாக ஏறி ஊரைப் பார்க்கலாம்.

அந்த ஊரில் இரண்டு விஷயம் தெரியாமல் போனால் திண்டாட்டம். நள்ளிரவை ஒட்டி ரயில்கள் நின்றுவிடும், காலை ஐந்து மணிவாக்கில்தான் மறுபடி தொடங்கும், நடுவில் டாக்ஸி பிடித்தால் இரண்டு நாள் பட்ஜெட் போய்விடும். இன்னொன்று, தெருவில் குப்பைத்தொட்டி கிடைக்காது. 1995-ல் சுரங்க ரயிலில் நடந்த விஷவாயுத் தாக்குதலுக்குப் பிறகு பொது இடங்களில் இருந்த தொட்டிகளில் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டார்கள். பையில் ஒரு பாலித்தீன் உறை வைத்துக்கொண்டு, குப்பையைத் தங்குமிடத்துக்கே கொண்டுபோய்ப் போடுங்கள்.

இஸ்தான்புல் ஆசியாவிலும் இருக்கிறது, ஐரோப்பாவிலும் இருக்கிறது, அதனால் உங்கள் பட்டியலில் சேர்க்கலாம். அங்கே நான் நாள் தவறாமல் செய்யும் காரியம் ஐரோப்பியக் கரையில் உள்ள எமினோனுவிலிருந்து ஆசியக் கரையில் உள்ள காடிகோய்க்குப் படகில் போவது. இருபது இருபத்தைந்து நிமிடம். இஸ்தான்புல்கார்ட் என்னும் அட்டையைத் தட்டிவிட்டு ஏறலாம். ஏறியதும் தட்டில் டீ கொண்டு வருவார்கள், இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடிக் கோப்பையில், பால் இல்லாமல். எள் ஒட்டிய வளைய ரொட்டியான சிமித்தைப் பிய்த்துப் போட்டால் கடற்காகங்கள் கூடவே வரும். வேலைக்குப் போகிறவர்கள் தினமும் ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்கு அப்படித்தான் போகிறார்கள். சுற்றுலாப் படகுக்காரர்கள் அதே தண்ணீரில் போவதற்குப் பல மடங்கு கேட்பார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு, அங்கே கடைத்தெரு வியாபாரிகளும் தொழிலாளர்களும் போகும் லோகாந்தா என்னும் சாப்பாட்டுக் கடையைத் தேடுங்கள். சூடான தட்டுகளில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு பண்டங்கள் இருக்கும், மொழி தெரியாவிட்டாலும் விரலைக் காட்டி வாங்கலாம். பன்னிரண்டு மணிக்குப் போனால் எல்லாம் இருக்கும், மூன்று மணிக்குப் போனால் மிச்சம்தான். சைவம் சாப்பிடுகிறவர் என்றால் பருப்புச் சூப் கைகொடுக்கும். பீன்ஸ் குழம்பில் சில கடைகளில் இறைச்சி சேர்ப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். சைவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: பாங்காக்கில் மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில் "ஜே" என்ற குறி உள்ள கடைகளில் இறைச்சி, மீன் சாஸ், முட்டை எதுவும் இருக்காது, பூண்டு வெங்காயம்கூட இருக்காது. வியட்நாமில் "சாய்" என்ற பலகை. இவையெல்லாம் அந்த ஊர்ப் பௌத்தர்களுக்காக இருப்பவை, விலையும் அப்படியே.

சிங்கப்பூர் பற்றி நம்மவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டாம். படுக்கைக்கு விலை அதிகம், பல கடைகள் ஒரே கூரைக்குள் இருக்கும் ஹாக்கர் சென்டரில் சாப்பாடு மலிவு, குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், ரயிலில் எதையும் சாப்பிடக் கூடாது. மற்றதை அங்கே இருக்கும் உறவினர்களே சொல்லிவிடுவார்கள்.

சைகோன், அதாவது ஹோ சி மின் நகரம், முதல் நாள் பயமுறுத்தும். சாலையில் மோட்டார் சைக்கிள்கள் இடைவெளியே இல்லாமல் வரும். நம் ஊர்ப் பழக்கத்தில் கையைக் காட்டிக்கொண்டு ஓடக் கூடாது. ஒரே வேகத்தில், நிற்காமல், பின்வாங்காமல் நடக்க வேண்டும். ஓட்டுகிறவர் உங்கள் நடையைக் கணக்குப் போட்டுத்தான் ஒதுங்குகிறார், நடுவில் நின்றுவிட்டால் அவர் கணக்கு தப்பிவிடும். காரும் பஸ்ஸும் வந்தால் மட்டும் காத்திருங்கள். கைப்பேசியைச் சாலைப் பக்கக் கையில் வைத்திருக்காதீர்கள், வண்டியில் வந்து பறிப்பவர்கள் உண்டு. பணத்தில் பூஜ்யங்கள் அதிகம், 20,000 டாங் தாளும் 500,000 டாங் தாளும் இரண்டுமே நீல நிறம். இருட்டில் டாக்ஸிக்குக் கொடுக்கும்போது மாறிவிட்டால் 25 மடங்கு போய்விடும். 500,000 தாள்களைத் தனியாக வைப்பதே நல்லது. அந்த ஊரிலும் ட்ருவோங் தின் தெருவில் தமிழர் கட்டிய மாரியம்மன் கோவில் இருக்கிறது. வியட்நாமியர்கள் ஊதுவத்தியோடு வந்து, சன்னதிக்குப் பின்னால் உள்ள கல் சுவரில் நெற்றியையும் கைகளையும் பதித்து வேண்டிக்கொள்வார்கள். நம் ஊர் மாரியம்மன் கோவிலில் நான் பார்க்காத வழிபாடு அது. ஆனால் அந்த முகங்களில் இருந்த வேண்டுதல் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று.

ஏமாற்றுவதைப் பற்றிக் கேட்டீர்கள். நடக்கும். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் அது ஒரே பாட்டு, வருடக் கணக்காக மாறாத பாட்டு, அதனால் முன்பே தெரிந்துகொள்ளலாம். பாங்காக் அரண்மனைக்கு வெளியே நன்றாக உடுத்திய ஒருவர் வந்து "இன்று அரண்மனை மூடல், என் நண்பர் டுக்டுக் ஆட்டோவில் குறைந்த காசுக்கு வேறு கோவில்களைக் காட்டுவார்" என்பார். டுக்டுக் கடைசியில் ரத்தினக் கடையிலோ தையல் கடையிலோ போய் நிற்கும். இஸ்தான்புல்லில் காலணிக்குப் பாலிஷ் போடுபவர் உங்கள் முன்னால் பிரஷ்ஷைத் தவறவிட்டுப் போவார், எடுத்துக் கொடுத்தால் நன்றிக்கடனாகப் பாலிஷ் போட்டுவிட்டுப் பெரிய தொகை கேட்பார். தனியாக நடக்கும் ஆணிடம் அதே ஊரில் தக்ஸிம் சதுக்கத்தின் பக்கம் ஒருவர் நட்பாகப் பேசி மதுக்கடைக்குக் கூப்பிடுவார், பில் வரும்போது வாசலில் ஆட்கள் நிற்பார்கள். இவை எல்லாவற்றிலும் பொதுவான ஒன்றைக் கவனியுங்கள்: அவராக வந்து பேச்சைத் தொடங்குகிறார், பேசிக்கொண்டே உங்களை வேறு இடத்துக்கு நகர்த்தப் பார்க்கிறார். நீங்களாகப் போய் வழி கேட்ட பெட்டிக்கடைக்காரர் உங்களை ஏமாற்றியதாக அநேகமாக இருக்காது. அதனால் உதவி வேண்டுமென்றால் நீங்களே ஆளைத் தேர்ந்தெடுத்துக் கேளுங்கள்.

பண விஷயத்தில் நம் நாட்டுக்காரர்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. 2020-ல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்து வைக்கப்பட்டுத்தான் வரும். கிளம்பும் முன் வங்கியின் செயலியில் அதைத் திறந்துவிட்டுப் போங்கள். தாய்லாந்து ஏடிஎம்கள் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிக்கும், ஆகவே சிறுகச் சிறுக எடுப்பது நஷ்டம். ஏடிஎம் திரையில் "ரூபாயில் கணக்கிடட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, அந்த நாட்டுப் பணத்திலேயே எடுங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் வைத்ததுதான் விகிதம். இரண்டு கார்டுகளை இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று உடம்போடு, ஒன்று பையின் அடியில்.

ஹாஸ்டல் டார்மிட்டரியைப் பற்றி. எட்டுப் பேர், பன்னிரண்டு பேர் படுக்கும் அறையில் முதல் ராத்திரி தூக்கம் வராது. காதடைப்பு, கண்மறைப்பு, நல்ல பூட்டு இந்த மூன்றும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். கீழ்க் கட்டில் கேட்டு வாங்குங்கள். பெண்களுக்குத் தனி டார்ம் பெரும்பாலான பெரிய நகரங்களில் கிடைக்கும். டோக்கியோவில் காலை நெரிசல் நேரத்தில் பல தடங்களில் பெண்களுக்கென்றே ரயில் பெட்டி உண்டு. பையின் அளவு 40 லிட்டரைத் தாண்ட வேண்டாம். பெருநகரத்தில் நீங்கள் அதைச் சுமந்துகொண்டு படியேறுவீர்கள், நெரிசலான ரயிலில் நிற்பீர்கள். பெரிய பையோடு காலை எட்டரை மணி ரயிலில் ஏறுவது அந்த ஊர்க்காரர்களுக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். அந்த நேரத்தில் வந்து இறங்கினால் நிலையத்து லாக்கரில் பையைப் போட்டுவிட்டுப் பத்து மணி வரை காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருங்கள்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று தனிமை. ஒரு மலைக் கிராமத்தில் தனியாக இருப்பது வேறு. ஒரு கோடிப் பேர் நடுவில், எல்லோருக்கும் போக ஓர் இடம் இருக்க, நமக்கு மட்டும் இல்லாமல் நிற்பது வேறு. சாயங்காலம் ஆறு ஏழு மணிக்கு அது வரும், எல்லோரும் வீட்டுக்குப் போகும் நேரம். அதற்கு நான் கண்ட வழி, ஒரே பேட்டையில் குறைந்தது ஐந்தாறு நாள் தங்குவது. காலையில் ஒரே கடையில் சாப்பிடுவது, ஒரே இடத்தில் துணி துவைக்கக் கொடுப்பது, ஒரே பூங்காவில் உட்காருவது. மூன்றாம் நாள் கடைக்கார அக்கா கேட்காமலே நமக்குப் பிடித்ததை எடுத்து வைப்பார். ஊரெல்லாம் ஓடி இருபது இடங்களைப் பார்த்தவருக்கு அது நடக்காது.

உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். முதல் ஊராகப் பாங்காக்கை வையுங்கள். சென்னையிலிருந்து நேரடி விமானம் உண்டு, மூன்றரை மணி நேரத்துக்குள் போய்விடும், பையோடு புதிதாக வரும் ஆட்களை அந்த ஊர் நாற்பது வருடமாகப் பார்த்து வருகிறது. பகலில் போய் இறங்கும் விமானமாகப் பாருங்கள். முதல் இரண்டு ராத்திரிக்கு மட்டும் இடம் பதிவு செய்யுங்கள், பேட்டை பிடித்திருந்தால் அங்கேயே நீட்டிக்கலாம். சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து நகருக்குள் உள்ள ஃபயா தாய் நிலையம் வரை ரயிலில் 45 பாட்டில் வந்துவிடலாம், டாக்ஸி தேவையில்லை. ஒரு வாரம் இருங்கள். அப்புறம் சைகோன். ஹாங்காங்கும் டோக்கியோவும் பயணத்தின் பின்பாதியில் இருக்கட்டும், அதற்குள் எதை எங்கே மலிவாகத் தேடுவது என்று உங்கள் கண் பழகியிருக்கும். தீவும் மலையும் வேண்டாம் என்று சொல்லவில்லை, நடுவில் நாலு நாள் போய் வாருங்கள். தேதிகளையும் கையில் இருக்கும் தொகையையும் எழுதினால், எந்த ஊரில் எத்தனை நாள் என்று பிரித்துச் சொல்கிறேன்.